மூலவர் கரட்டிலேயே இருக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் வந்த ஒரு கடிதத்தைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். ஆனைமலை அடிவாரத்தில் ஒரு கரட்டில் (சின்னப் பாறைக் குன்றில்) இருக்கும் பாறை ஓவியங்களைச் சுற்றுலாத் தலமாக்க வேண்டும், கரடு வரைக்கும் தார்ச்சாலை வேண்டும், படிக்கட்டும் கைப்பிடியும் வேண்டும், ராத்திரியில் விளக்குப் போட்டால் இன்னும் கூட்டம் வரும் என்று அந்த வாசகர் எழுதியிருந்தார். நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார். ஊருக்கு நாலு கடை வரும், நம் பிள்ளைகள் நம் பழமையைத் தெரிந்துகொள்வார்கள் என்ற ஆசை அதில் தெரிந்தது. அந்த ஆசை எனக்கும் உண்டு. ஆனால் அவர் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டால், கொஞ்ச வருஷத்தில் அந்தப் பாறையில் பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

கரட்டின் பெயர், எந்த பஸ் ஏறி எங்கே இறங்குவது, யார் தோட்டத்து வரப்பில் நடந்தால் சீக்கிரம் போகலாம் என்பது வரை அவர் எழுதியிருந்தார். நான் அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. நீங்களும் இனிமேல் அதை அச்சிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். காரணத்தைப் போகப் போகச் சொல்கிறேன்.

அது என் அப்புச்சி ஊர், அம்மாவைப் பெற்றவர் ஊர். பள்ளிக்கூட லீவு விட்டால் நான் அங்கேதான் கிடப்பேன். அப்புச்சிக்கு இருபது இருபத்தைந்து ஆடுகள் இருந்தன. மத்தியான வெயிலில் ஆடுகளைக் கரட்டின் வடபக்கம் ஓட்டிக்கொண்டு போவார். அங்கே பாறை முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். அடியில் நாலு கட்டில் போடலாம், அவ்வளவு நிழல். அந்த நிழலில்தான் கட்டுச்சோற்றைப் பிரிப்போம். அண்ணாந்து பார்த்தால் பாறையில் ஒரு யானை. ஒரு முழம்கூட இருக்காது. வெள்ளை நிறம். யானைக்குப் பக்கத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நாலைந்து ஆட்கள், கொஞ்சம் தள்ளி மான் மாதிரி ஒன்று. மான்தானா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"பஞ்ச பாண்டவர் வனவாசத்துல எழுதுனது கண்ணு, தொடப்படாது. தொட்டா கை முடங்கிப் போயிரும்" என்பார் அப்புச்சி. வரைந்தது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை, எழுதினது என்றுதான் சொல்வார். பழந்தமிழிலும் ஓவியம் எழுதுவதுதானே. படிக்காத அந்த மனிதர் வாயில் அந்தச் சொல் அப்படியே இருந்திருக்கிறது. கை முடங்கும் என்ற பயத்தில் அந்த ஊரில் யாரும் யானை மேல் கை வைத்ததில்லை. பாறைக்கு அடியில் ஆடு கட்டுவார்கள், மழைக்கு ஒதுங்குவார்கள், அடுப்பு மட்டும் மூட்ட மாட்டார்கள். எழுதியவன் போனபின் ஆயிரக்கணக்கான வருஷமாக அதைக் காப்பாற்றியது அந்தப் பயம்தான் என்று நினைக்கிறேன். அரசாங்கமோ வேலியோ இல்லை.

அந்தப் பயத்தை மீறியவர்களில் நானும் ஒருவன். இதை இத்தனை வருஷமாக என் வீட்டில்கூட யாரிடமும் சொன்னதில்லை.

1982ஆம் வருஷம். எனக்குப் பதினேழு வயது. பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுத் திருப்பூரில் ஒரு பிரிண்டிங் பட்டறையில் ஸ்கிரீன் கழுவுகிற வேலையில் இருந்தேன். பொங்கலுக்கு அப்புச்சி ஊருக்கு வந்திருந்தபோது, பூப்பறிக்கிற நோம்பி அன்றைக்கு நாங்கள் பையன்கள் ஆறு பேர் கரட்டுக்குப் போனோம். பட்டறையில் சேர்ந்த புதிது, எதைப் பார்த்தாலும் டிசைனாகத் தெரிகிற வயது. யானையை நோட்டில் எழுதிக்கொண்டு போய் முதலாளியிடம் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. வெயிலுக்கு உருவம் மங்கலாக இருந்தது. தண்ணீர் பட்டால் எடுப்பாகத் தெரியும் என்று ஒருவன் சொன்னான். தூக்குப்போசியில் இருந்த தண்ணீரைப் பாறையில் விசிறி அடித்தேன். உண்மைதான், யானை பளிச்சென்று எழுந்து வந்தது. தும்பிக்கையில் வழிந்த தண்ணீர் மறைக்கிறதே என்று தோளில் கிடந்த துண்டை எடுத்து ஒற்றினேன். ஒற்றினேன் என்று சொல்வது பொய், துடைத்தேன். துண்டைப் பார்த்தால் வெள்ளை. விபூதி ஒட்டின மாதிரி கொஞ்சமாக வெள்ளை. மற்றவர்கள் அதைக் கவனிக்கவில்லை. நான் துண்டை மடித்து வைத்துக்கொண்டேன்.

அப்புறம் நாற்பது வருஷத்துக்கு மேல் இதே தொழிலில் இருந்துவிட்டேன். அந்த வெள்ளை என்ன என்று எனக்கு இப்போது தெரியும். துணியில் நிறம் போடுவது ஒரு வேலை, போட்ட நிறத்தைப் பிடித்து வைப்பது வேறு வேலை. பிக்மெண்ட் என்பது வெறும் பொடி. அதைத் துணியோடு ஒட்ட வைப்பது பைண்டர். பிரிண்ட் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க வெள்ளைத் துணியை அதன் மேல் வைத்துத் தேய்ப்போம், அதற்கு ரப்பிங் டெஸ்ட் என்று பெயர். வெள்ளைத் துணியில் நிறம் ஏறினால் சரக்கு வாங்குகிற பையர் அதைத் திருப்பி அனுப்பிவிடுவார். பாறையில் எழுதியவன் வெண்களிமண்ணை எதிலோ குழைத்துத்தான் பூசியிருப்பான். குழைத்த பசை எப்போதோ மக்கிப் போயிருக்கும். மழைத்தண்ணீர் கசிந்து கசிந்து பாறை மேல் படிய விட்ட மெல்லிய தோல்தான் பொடியைப் பிடித்து வைத்திருக்கிறது. தண்ணீர் ஊற்றினால் பாறைக்குள் இருக்கும் உப்பு கரைகிறது. காயும்போது அது மேலே வந்து மணி மணியாகத் திரண்டு, தோலை நெம்பித் தள்ளுகிறது. ஊற்றிய அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பிறகு ஒருநாள் காற்றடித்தாலே உதிரும்.

கூட்டம் வந்தால் ஓவியம் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வெளிநாட்டுக் கதை சொல்கிறேன். 2018 அக்டோபரில் ஆர்டர் விஷயமாக பிரான்சில் போர்தோ நகரத்துக்குப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்க வேண்டாமே என்று எங்கள் பையரின் டிசைனர் தன் காரில் மோந்தின்யாக் என்ற சின்ன ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனார். இரண்டரை மணி நேரத்துக்கும் கொஞ்சம் குறைவான தூரம். லாஸ்கோ குகை அங்கேதான் இருக்கிறது. பள்ளிக்கூடப் பாடத்தில் கற்கால ஓவியம் என்று போடுகிற காளையும் குதிரையும் அந்தக் குகைக்குள் இருப்பவை. சுமார் 17,000 வருஷத்துப் பழமை. 1940 செப்டம்பர் 12ஆம் தேதி நாலு பையன்கள் கண்டுபிடித்தார்கள். முதலில் துவாரத்தைக் கண்டவன் மர்செல் ரவிதா, ஒரு கராஜில் மெக்கானிக் வேலை பழகிக்கொண்டிருந்தவன். பட்டறைப் பையன் என்று கேட்டதும் எனக்கு ஒரு பாசம் வந்துவிட்டது. அவனும் ழாக் மர்சால் என்ற இன்னொரு பையனும் குகை வாசலில் கூடாரம் போட்டுக் காவல் கிடந்திருக்கிறார்கள். பிற்பாடு இரண்டு பேரும் அங்கேயே வழிகாட்டிகளாகிவிட்டார்கள்.

1948இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். படிக்கட்டு, விளக்கு எல்லாம் போட்டார்கள். உங்கள் வாசகர் கேட்கிற எல்லாமே அங்கே இருந்தது. 1955 வாக்கில் ஒரு நாளைக்கு 1,200 பேர். அவர்களில் யாரும் சுவரைச் சுரண்டவில்லை, பெயர் எழுதவில்லை. மூச்சு விட்டார்கள், அவ்வளவுதான். ஒவ்வொருவர் மூச்சிலும் ஈரம் இருக்கிறது, கரியமில வாயு இருக்கிறது, உடம்பில் சூடு இருக்கிறது. ஈரம் சுவரில் வேர்த்தது. கரியமில வாயு அந்த ஈரத்தில் கரைந்து புளித்த தண்ணீராகிச் சுண்ணாம்புக் கல்லை அரித்தது. கரைந்த சுண்ணாம்பு திரும்பக் காயும்போது ஓவியத்தின் மேல் வெள்ளைப் படலமாகப் படிந்தது. விளக்கு வெளிச்சத்துக்குப் பாசி முளைத்தது. வெள்ளை நோய், பச்சை நோய் என்றே அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். 1963இல் அந்நாட்டுக் கலாசார அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ குகையை மூடிவிட்டார். மூடியும் விட்டபாடில்லை. 2001இல் உள்ளே வெள்ளைப் பூஞ்சை பிடித்தது, அப்புறம் கறுப்புப் புள்ளிகள். பதினேழாயிரம் வருஷம் இருட்டில் பத்திரமாக இருந்தது, திறந்துவிட்டுப் பதினைந்தே வருஷத்தில் தீராத நோயாளி ஆகிவிட்டது.

அப்படியானால் நான் என்ன பார்த்தேன்? நகலைத்தான் பார்த்தேன். 1983இல் அசல் குகைக்கு இருநூறு மீட்டர் தள்ளி முதல் நகலைத் திறந்திருக்கிறார்கள். மோனிக் பெய்த்ரால் என்ற பெண் ஓவியர் பல வருஷம் இருந்து அதை எழுதியிருக்கிறார். நான் போனது 2016 டிசம்பரில் திறந்த பெரிய நகலுக்கு, அதில் ஏறக்குறைய முழுக் குகையும் இருக்கிறது. போகும்போது எனக்கு மனசே இல்லை. இத்தனை தூரம் வந்து டூப்ளிகேட்டையா பார்ப்பது என்றிருந்தது. உள்ளே போன முதல் பத்து நிமிஷம் நான் யாருடைய விளக்கத்தையும் கேட்கவில்லை. எங்கே ஒட்டு தெரிகிறது, எங்கே ஷேடு மாறுகிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். தொழில் புத்தி. ஒரு ஒட்டும் கண்ணில் படவில்லை. அசல் குகையை லேசரில் மில்லிமீட்டர் கணக்கில் அளந்து, அதே மேடு பள்ளத்தோடு சுவரைச் செய்து, அதன் மேல் கையால் எழுதியிருக்கிறார்கள். இயந்திரத்தில் அச்சடித்து ஒட்டியது அல்ல. உள்ளே குகையின் குளிர், பதின்மூன்று டிகிரி. ஓரிடத்தில் ஒரு பெரிய காளை, ஐந்து மீட்டருக்கு மேல் நீளம், தலைக்கு மேல் வளைந்து போகிறது. பாறையில் ஒரு புடைப்பு இருந்தால் அதையே காளையின் தோளாக்கியிருக்கிறான் எழுதியவன். ஒட்டு எங்கே என்று தேடுவதை நான் எப்போது விட்டேன் என்று எனக்கே தெரியாது.

எனக்கு முன்னால் சக்கர நாற்காலியில் ஒரு பாட்டியம்மா வந்தார். அசல் குகை திறந்திருந்தாலும் அவரால் அதற்குள் போயிருக்க முடியாது. அந்த இடத்தில் என் வீட்டுக்காரம்மா ஞாபகம் வந்தது. மூட்டு வலிக்காரி, எங்கள் கரட்டு யானையை அவள் கடைசிவரை பார்த்ததில்லை.

லாஸ்கோவில் சூடுபட்டதால் அந்த நாட்டுக்காரர்கள் பாடம் படித்துக்கொண்டார்கள். 1994 டிசம்பரில் ஷோவே என்ற இன்னொரு குகை கிடைத்தது, லாஸ்கோவைப் போல இரண்டு மடங்கு பழமை. அதைப் பொதுமக்களுக்கு ஒருநாள்கூடத் திறக்கவில்லை. 2015இல் நகல் செய்து அதைத் திறந்தார்கள். ஸ்பெயினில் அல்டாமிரா குகைக்கு 2001இல் நகல் வந்தது. அசலை 2002இல் மூடிவிட்டு, 2014இல் சோதனைக்காக வாரத்துக்கு ஐந்தே பேரை, சீட்டுக் குலுக்கி எடுத்து, முப்பத்தேழு நிமிஷம் மட்டும் உள்ளே விட்டார்கள். முப்பத்தைந்தும் இல்லை, நாற்பதும் இல்லை, முப்பத்தேழு. அவ்வளவு கணக்குப் பார்த்துத் திறக்க வேண்டிய பொருள் அது.

நம் ஊர்ப் பாறைகள் இப்படிப்பட்ட மூடிய சுண்ணாம்புக் குகைகள் அல்லவே என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்விதான். கொங்கு நாட்டில் இருப்பவை பெரும்பாலும் திறந்த பாறை ஒதுக்குகள். காற்று அடித்துக்கொண்டே இருக்கும், மூச்சு விட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் நம் பாறைக்கு வருகிறவன் கை சும்மா இருப்பதில்லை. தண்ணீர் ஊற்றுகிறான், சாக்பீஸால் வெளிக்கோடு போட்டுப் படம் எடுக்கிறான், பெயரும் இதயமும் அம்பும் கிறுக்குகிறான், அடியில் தீ மூட்டிச் சமைக்கிறான். மூச்சு பதினைந்து வருஷத்தில் செய்ததை இந்தக் கை ஒரு சாயங்காலத்தில் செய்துவிடும்.

நீலகிரியில் கீழ்க்கோத்தகிரிப் பக்கம் கரிக்கியூர் இருக்கிறது, இருளர் ஊர். அங்கே இருக்கும் பாறை ஓவியத் தொகுதி தென்னிந்தியாவிலேயே பெரியவற்றில் ஒன்று. மலையேற வந்தவர்கள் அதில் கிறுக்கியும் சுரண்டியும் கெடுத்து வைத்தது பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. கோவைக்குப் பக்கத்தில் குமிட்டிபதியின் வெள்ளை ஓவியங்களுக்கும் இதே கதிதான், அதுவும் செய்தியாக வந்ததுதான். இந்த இரண்டு இடங்களின் பெயரும் ஏற்கெனவே ஊரறிந்தது என்பதால் எழுதுகிறேன். எங்கள் கரட்டுக்கு இன்னும் அந்த நிலை முழுதாக வரவில்லை. ஆனால் தொடங்கிவிட்டது.

போன மாதம் பேத்தியைக் கூட்டிக்கொண்டு கரட்டுக்குப் போனேன். அப்புச்சியின் ஆட்டுத்தடத்தில் இப்போது இரு சக்கர வண்டியே ஏறுகிறது. பாறைக்கு அடியில் பாட்டில் சில்லுகள். மான் மாதிரி இருந்ததே, அதன் மேல் ஆணியால் கீறின இரண்டு பெயர்கள், நடுவில் கூட்டல் குறி. கல்லூரிப் பிள்ளைகள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். நல்ல பிள்ளைகள், எழுந்து நின்று பேத்திக்கு இடம் கொடுத்தார்கள். அவர்களில் ஒரு பையன் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டே, "தள்ளிக்கங்க அய்யா, தண்ணி ஊத்துனா சூப்பரா தெரியும். ரீல்ஸ்ல பாத்தேன்" என்றான். நான் அவன் கையைப் பிடித்துவிட்டேன். கோபத்தில் அல்ல. அந்தத் துண்டு ஞாபகம் வந்துவிட்டது. எனக்குப் பேச்சு வரவில்லை, அவன் பயந்துபோய் பாட்டிலை மூடிவிட்டான். அப்புறம் உட்கார வைத்து எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டான், எடுத்த வீடியோவையும் அழித்தான். அன்றைக்கு நான் இருந்தேன். மற்ற நாளில் யார் இருப்பார்கள்? தார்ச்சாலை போட்டு ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்நூறு பேர் வந்தால் எத்தனை கையைப் பிடிப்பது?

நகல் என்றால் ஏமாற்று என்று நம் ஆட்கள் முகம் சுளிப்பார்கள், நானும் சுளித்தவன்தான். ஆனால் கோயிலில் நாம் என்ன செய்கிறோம்? மூலவர் கருவறையை விட்டு நகர்வதில்லை. வீதிக்கு வருகிறவர் உற்சவர். தேரில் வருகிறவரைப் பார்த்து, இது அசல் இல்லை என்று யாராவது திரும்பிப் போனதுண்டா? எழுந்து நடக்க முடியாத கிழவி வாசலில் இருந்தபடியே கும்பிடட்டும் என்றுதானே உற்சவர் வருகிறார். பழனியை எடுத்துக்கொள்ளுங்கள். நவபாஷாண மூலவரின் திருமேனி தேய்ந்துவிட்டது என்று தெரிந்ததும் அபிஷேகங்களைக் குறைத்தார்கள். மூலவரைத் தொடாமல் காப்பதும் பக்திதான் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. காவடி எடுத்து நடக்கிற கொங்குக்காரனுக்கு அது தெரியும். பாறையில் இருக்கும் யானையை மூலவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உற்சவரை நாம் செய்வோம்.

செய்ய முடியுமா? வெளியூரில் இருந்து யாரும் வரவே வேண்டாம் என்கிறேன். கோவையில் பம்பு வார்ப்படத்துக்கு ஸ்கேன் எடுத்துக் கணினியில் ஏற்றித் தருகிற ஆட்கள் எத்தனையோ பேர், அதே கருவிதான் பாறைக்கும் வேண்டும். ஸ்கேன் எடுக்கிறவர் பாறையைத் தொடக்கூட வேண்டியதில்லை. ஃபவுண்டரிக்குப் பேட்டர்ன் செதுக்குகிற ஆசாரிகள் மேடு பள்ளத்தை விரல் நுனியில் வைத்திருப்பவர்கள். திருமுருகன்பூண்டியில் சிற்பிகள் தெருவெல்லாம் உளிச் சத்தம், பாறையைப் பாறையாகவே செய்து தருவார்கள். நிறத்துக்குத் திருப்பூர் இருக்கிறது. ஒரு ஷேடைக் கொடுத்து அதேபோல் வேண்டும் என்றால், லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்துப் பார்த்து, பத்தாவது சாம்பிளிலாவது கொண்டுவந்து நிறுத்துகிற ஊர் இது. எழுதுவதற்கு, அவர்கள் சம்மதித்தால், நீலகிரிக் குறும்பர் ஓவியர்களைக் கேட்கலாம். வேங்கைப் பிசின் போன்ற காட்டு நிறங்களால் அவர்கள் இன்றைக்கும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் கலையில் அறுபடாத கை என்று நம் பக்கத்தில் ஒன்று உண்டென்றால் அது அவர்களுடையதுதான். கூலிக்குக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிடாமல் ஆசிரியராகக் கூப்பிட வேண்டும். கரிக்கியூரைப் போன்ற இடங்களில் அங்கே வாழ்கிற இருளர் மக்களைக் கேட்காமல் ஒரு கல்லும் நடக்கூடாது.

லாஸ்கோ நகலுக்கு ஆன செலவு கோடி கோடியாகப் போகும். நமக்கு அது வேண்டாம். எங்கள் பாறை ஒதுக்கு நாலு கட்டில் அகலம்தான். அடிவாரத்தில் ஒரு ஊர்ச் சாவடி அளவு கட்டடம் போதும். வண்டி நிறுத்தவும் இளநீர்க் கடை வைக்கவும் டீக்கடை போடவும் அடிவாரமே வசதி. அந்த வாசகர் ஆசைப்பட்ட வருமானம் அடிவாரத்து ஊருக்கே வரும், யாரும் கரடு ஏற வேண்டியதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்த நகல் பாறையில் தண்ணீர் ஊற்றிப் பார்க்கட்டும், தொட்டுப் பார்க்கட்டும், பக்கத்தில் ஒரு வெறும் கல்லை வைத்துக் காவிக்கல்லும் வெண்களிமண்ணும் கொடுத்து எழுதிப் பார்க்கச் சொல்லட்டும். அசலில் அவர்களுக்குக் கிடைக்காத அனுபவம் அது. தொடாதே, தள்ளி நில் என்று அதட்டிக்கொண்டே காட்டுகிற அசலை விடத் தொட்டுப் பார்க்கிற நகல் பிள்ளைகள் மனதில் நிற்கும் என்பது என் எண்ணம்.

ஒரு எச்சரிக்கை மட்டும். அஜந்தாவில் அடிவாரத்துப் பார்வையாளர் மையத்தில் நாலு குகைகளுக்கு நகல் செய்தார்கள். அப்புறம் பராமரிக்க வழியில்லாமல் அது பூட்டிக் கிடந்த செய்தியும் வந்தது. திறப்பு விழாவுக்கு இருக்கிற பணம் அடுத்த வருஷத்துக் கரண்டு பில்லுக்கும் இருக்க வேண்டும். அதனால் நகலை அந்தந்த ஊராட்சியின் பொறுப்பில் விட்டு, நுழைவுக் கட்டணத்தையும் ஊருக்கே விட வேண்டும். தனக்குச் சோறு போடுவதை ஊர் பூட்டி வைக்காது.

அசலை மூடுவதென்றால் எல்லோருக்கும் மூட வேண்டும். சிபாரிசுக் கடிதத்தோடு வருகிறவருக்கு ஒரு சாவி, பஸ்ஸில் வருகிறவருக்கு ஒரு பூட்டு என்று இருந்தால் யாரும் மதிக்க மாட்டார்கள். ஆய்வு செய்கிறவர் மட்டும், எழுதிக் கொடுத்த அனுமதியோடு போகட்டும். மத்திய அரசின் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைத்தால் இரண்டு வருஷம் வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. மாநிலத்துக்கும் 1966ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் பட்டியலில் ஏறினால்தான் அது சின்னம். ஏறாத வரைக்கும் சட்டத்தின் கண்ணில் அது வெறும் பாறை. முதலில் பாறைகளைப் பட்டியலில் ஏற்றுங்கள் என்று தொல்லியல் துறையினரை உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். சாலையைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

திருப்பூர்க்காரன் இதையெல்லாம் பேசலாமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நொய்யல் ஆற்றில் சாயத்தண்ணீரை விட்டது எங்கள் தொழில்தான். பாசனத்துக்கென்று 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணீர்த் தொட்டியாக மாறியதை நான் கண்ணால் பார்த்தேன். 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாமல் சுத்திகரிக்கிற வழிக்கு முழுதாக வந்தோம். அந்தத் தவறில் எனக்கும் பங்கு இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் ஆற்றுக்கு ஒரு நல்ல மழை வந்தால் கொஞ்சமாவது கழுவிக்கொள்ளும், வருஷங்கள் போனால் மீனும் திரும்பும். துடைத்த வெள்ளை திரும்பாது. எந்தப் பட்டறையிலும் அதைத் திரும்ப அடித்துத் தர முடியாது. ஒன்றைக் கெடுத்தபின் விழித்துக்கொண்டவன் என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வருகிற பொங்கலுக்குள் இரண்டு காரியமாவது நடக்க வேண்டும். பூப்பறிக்கிற நோம்பி அன்றைக்குத்தான் கரட்டில் கூட்டம் அதிகம். பொங்கல் மூன்று நாளும் அடிவாரத்தில் ஊர்க்காரர்கள் இரண்டு பேரைக் கூலி கொடுத்துக் காவலுக்கு நிறுத்த வேண்டும். அந்தக் கூலியை நான் தருகிறேன். இன்னொன்று, இருக்கிற உருவத்தை இருக்கிறபடி ஸ்கேன் எடுத்து வைத்துவிட வேண்டும். நகல் எப்போது கட்டினாலும் கட்டட்டும், அளவு நம் கையில் இருக்கும். முறையான அனுமதி கிடைத்தால் அதன் செலவிலும் என் பங்கு உண்டு. நிறம் கலக்கிற வேலைக்கு என் பட்டறையை எத்தனை நாளானாலும் விட்டுக் கொடுக்கிறேன்.

அந்தப் பழைய துண்டு இப்போது இல்லை. அம்மா எப்போதோ துவைத்துக் காயப்போட்டிருப்பார். நோட்டில் எழுதிய யானை இருக்கிறது. பதினேழு வயதுப் பையன் கை, கோடு நடுங்கியிருக்கிறது, ஆனால் தும்பிக்கை நுனி அதில் முழுதாகத் தெரிகிறது. இன்றைக்குப் பாறையில் அந்த நுனி இல்லை. ஸ்கேன் எடுக்கிறவர்களுக்கு உதவும் என்றால் அந்த நோட்டைக் கொடுத்துவிடுகிறேன்.

இந்தக் கடிதத்தின் அடியில் என் பெயரைப் போட வேண்டாம். எங்கள் பக்கத்தில் என் பெயர் தெரிந்தால் அப்புச்சி ஊர் தெரிந்துவிடும், அப்புச்சி ஊர் தெரிந்தால் கரடு தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
பிரிண்டிங் பட்டறைக்காரர் ஒருவர்,
திருப்பூர்.